இரண்டு பக்கமும் பதினைந்து

ஜூன் 8, ஞாயிறு

அண்ணன் இன்று கடைப் போனை என்னிடம் கொடுத்துவிட்டான். நாள் முழுவதற்கும் இல்லை. வார நாளில் பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை.

எங்கள் கடை கிருஷ்ணகிரியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல், மாடியில் இருக்கிறது. டார்ச், கயிறு, மழைக்கோட்டு எல்லாம் உண்டு. ஆனால் அதிகம் விற்பது மடக்குக் கத்திதான். வாட்ஸ்அப்பில் கேட்பார்கள், கூரியரில் அனுப்புவோம். மலையேறுகிறவர்கள் வாங்குவார்கள், லாரி ஓட்டுகிறவர்கள் வாங்குவார்கள், சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சும்மா மடக்கி மடக்கி விரிப்பதற்காகவும் வாங்குவார்கள்.

"தெரிஞ்சதுக்குப் பதில் போடு, தெரியாததுக்கு என்னைக் கேளு" என்றான் திருமால் அண்ணன். "ஆனா எல்லாத்துக்கும் ஓடி ஓடி வந்து நின்னேன்னா போனைத் திருப்பி வாங்கிடுவேன். அப்புறம் உனக்கு எதுக்குக் குடுத்தேன்?"

எனக்குத் தெரியாதது அதிகம் இல்லை. கோடை விடுமுறை முழுவதும் இதைத்தான் படித்தேன். எஃகுக்கு மூன்று குணம் வேண்டும்: கூர் நாளாக நிற்க வேண்டும், விளிம்பு உடையக் கூடாது, துருப் பிடிக்கக் கூடாது. மூன்றும் முழுதாக ஒரே எஃகில் கிடைக்காது. டி2 என்ற எஃகில் கூர் நன்றாக நிற்கும், ஈரத்தில் விட்டால் துருப் புள்ளி வரும். எம்390 பொடியாக்கிச் சேர்த்துச் செய்யும் எஃகு, துருவும் பிடிக்காது, கூரும் போகாது, ஆனால் ஒருமுறை மழுங்கினால் சாதாரணக் கல்லுக்கு மசியாது. பிறகு கோணம். விளிம்பை ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு சாய்த்துத் தீட்டுகிறோம் என்பது. பதினைந்து டிகிரி என்றால் மெல்லிய கூர். இருபத்தைந்து என்றால் முரடு, ஆனால் அடி தாங்கும். இவற்றையெல்லாம் அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். "என்ன வேலை, எந்த எஃகு, எந்தக் கோணம்" என்று மூன்று கட்டங்கள். பச்சை மையால் கோடு போட்டேன்.

இன்று எழுதியவர்கள் எல்லோரும் என்னை "சார்" என்றே அழைத்தார்கள். அம்மாவிடம் சொன்னேன்.

"சார் முதல்ல பத்தாவதை முடிங்க, சார்" என்றார் அம்மா.

ஜூன் 12, வியாழன்

இன்று வந்த ஒரு குரல் பதிவை அப்படியே எழுதி வைக்கிறேன். பேசியவர் பெயர் மாதம்மா. போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு மாங்கன்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவர்.

"சார் வணக்கங்க. எங்க வூட்டுக்காரர் போன்ல இருந்து பேசறேன். எங்க பண்ணையில ரெண்டு குழு சார். ஒண்ணுக்கு நானு, இன்னொண்ணுக்குக் காவேரி. இந்த ஈட்டுல யாரு கட்டுன ஒட்டு நல்லாப் புடிக்குதோ அவங்கதான் இந்த சீசனுக்கு மேஸ்திரின்னு ஓனரு சொல்லிட்டாரு. பொம்பளைய மேஸ்திரியா போடறதே இதான் சார் மொத தடவ. அதுக்குள்ள என் கத்தி பூராத் தேஞ்சு போச்சு. அடிக்கடி தீட்டாத மாதிரி, மாம்பாலுக்குத் துருப் புடிக்காத மாதிரி, நல்லதா ஒண்ணு சொல்லுங்க சார். வெல கொஞ்சம் கூட இருந்தாலும் பரவால்ல."

ஈடு என்றால் ஒரே தடவையில் கட்டி முடிக்கும் கன்றுகள். ஒட்டுக் கட்டுவது பற்றி உடனே தேடிப் படித்தேன். நாட்டு மாங்கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, நல்ல ஜாதிக் குச்சியை ஆப்பு மாதிரிச் சீவி உள்ளே செருகி, பிளாஸ்டிக் நாடாவால் கட்டுகிறார்கள். இரண்டு வெட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்துவிடுகின்றன. எவ்வளவு அழகு! மெல்லிய வேலை என்பதால் கோணம் பதினைந்து. மாம்பால் என்பதால் துருப் பிடிக்காத எஃகு. எம்390 என்று தீர்மானித்து, ஏன் என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன்.

"சார், இவ்ளோ வெவரமா யாரும் சொன்னதில்ல" என்று பதில் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மாதம்மா அக்காவின் கத்தியை நானே தீட்டினேன். கோணம் பிடிக்கும் இரும்புச் சட்டத்தில் கத்தியை இறுக்கி, ஒரு பக்கம் பதினைந்து, திருப்பிப் போட்டு மறுபக்கம் பதினைந்து. கடைசியில் தோல் பட்டையில் இழுத்தேன். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்ததும் சத்தமே இல்லாமல் இறங்கியது. அண்ணன் தன் முழங்கை முடியில் வைத்துப் பார்த்தான்.

"அடிப்பாவி, என்னைவிட நல்லா தீட்டற."

நாளைக்குக் கூரியர். அக்கா இடையில் ஏதோ ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். பதில் போட்டுவிட்டேன்.

தமிழ் வீட்டுப்பாடம் இன்னும் முடிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

கத்தி போய்ச் சேர்ந்தது.

"குச்சி வெட்டறதே தெரியல சார்! அவ்ளோ கூரு. ஆனா சீவற எடம் லேசா குழிஞ்ச மாதிரி வருது, செருகுனா நடுவுல துளி சந்து தெரியுது. நாடாவ இறுக்கிக் கட்டிட்டேன். கை பழகணும் போல."

"ஆமாம், புதுக் கத்திக்குக் கை பழகச் சில நாள் ஆகும்" என்று எழுதினேன். புது எழுதுகோலுக்கும் அப்படித்தான்.

ஜூன் 20, வெள்ளி

அக்காவின் குழுப் பெண்கள் எல்லோருக்கும் அதே கத்தி வேண்டுமாம்! மொத்தம் இன்னும் நான்கு. பெட்டியைப் பிரிக்கும்போது அண்ணன் பாடிக்கொண்டே இருந்தான். இரவு பரோட்டா வாங்கி வந்தான். "சாருக்கு ரெண்டு எக்ஸ்ட்ரா" என்று என் தட்டில் வைத்தான்.

ஜூன் 26, வியாழன்

அறிவியல் தேர்வு. நன்றாக எழுதினேன்.

ஜூலை 3, வியாழன்

பள்ளி நூலகத்தில் வேறொன்றைத் தேடும்போது தோட்டக்கலை பற்றிய பழைய புத்தகம் ஒன்று கையில் வந்தது. ஒட்டுக் கத்தி என்று ஒரு படம். மங்கலான அச்சு. ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டியது போலவும் மறுபக்கம் பலகை மாதிரித் தட்டையாக இருப்பது போலவும் வரைந்திருந்தது. அச்சுப் பிழையாகவும் இருக்கலாம். மணி அடித்துவிட்டதால் படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படிக்க முடியவில்லை.

புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எடுத்துவந்தால் திருப்பிக் கொடுக்கும் தேதி எல்லாம் பார்க்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

மாதம்மா அக்காவின் குரல் பதிவு. இந்த முறை வணக்கம் சொல்லவில்லை.

"சார், குச்சி பூராக் கருத்துட்டு வருதுங்க. பத்துச் செடி பாத்தா ரெண்டுலதான் துளிரு எட்டிப் பாக்குது. காவேரியோடது பச்சையா நிக்குது. நாடாவ அவுத்துப் பாத்தேன். ஒட்டவே இல்ல சார், நடுவுல சந்து அப்படியே இருக்குது. என்னா சார் தப்பு பண்ணுனேன்?"

நான் எழுதிய பதில்: "வெயில் அதிகமாக இருந்ததால் இருக்கலாம்."

வெயில் அதிகமாகத்தான் இருந்தது. காவேரியின் செடிகளுக்கும் அதே வெயில்தானே என்று அக்கா கேட்கவில்லை.

போனில் இடம் குறைவு என்று காட்டியது. பழைய உரையாடல்கள் சிலவற்றை அழித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

காலையில் கடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். ஒல்லியான பெண், ஆண்கள் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தார், விரல் நுனியெல்லாம் மாம்பால் கறை. கையில் ஒட்டுநாடா சுற்றிய கத்தி. குரலைக் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார் இருக்காருங்களா?"

"நான்தாங்க்கா, சொல்லுங்க" என்றான் அண்ணன்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? இவ்ளோ சின்ன வயசா இருக்கீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு உடனே நின்றுவிட்டது. கத்தியை மேஜையில் வைத்தார். "இதுல கட்டுன ஒட்டு எதுவும் தேறல சார். எங்க பழைய மேஸ்திரி பாத்துட்டு, ரெண்டு பக்கம் தீட்டுன கத்தியில யாராவது ஒட்டுக் கட்டுவாங்களாம்மான்னு கேக்கறாரு. ஒரு பக்கமா மாத்தலாம்னு கல்லுல போட்டேன். கல்லுதான் தேயுது, கத்தி தேயல."

அண்ணன் கத்தியை வெளிச்சத்தில் பார்த்தான். "அக்கா, இது பாக்கெட் கத்தி. எல்லாமே ரெண்டு பக்கம்தான் தீட்டி வரும். ஒட்டுக்கு வேணும்னு நீங்க சொல்லியிருந்தா..."

"சொன்னேனே சார்! கேட்டேனே! நீங்கதான எழுதுனீங்க!"

"நான் அப்படி எழுதவே மாட்டேன்கா."

அண்ணன் கடைப் போனை எடுத்துத் தேடினான். மாதம்மா அக்காவின் பெயருக்குக் கீழே வெயிலைப் பற்றிய ஒரு வரிகூட இல்லை. வெறுமையாக இருந்தது. அவன் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினான். மரியாதையாகத்தான் காட்டினான்.

"எங்க வூட்டுக்காரர் போன்ல இருக்கும். அவரு லோடு ஏத்திக்கிட்டு ஓசூர் போயிருக்காரு" என்றார் அக்கா. குரல் இறங்கிவிட்டது. தான் கேட்டோமா, கேட்கவில்லையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல நெற்றியைத் தேய்த்தார். "ஓனரு மனசு வெச்சு இன்னொரு ஈடு குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. கம்பெனிக்காரன் தப்பான கத்தியக் குடுத்துட்டான், இவ என்னா பண்ணுவான்னு. அந்த ஈட்டுக்காச்சும் கத்திய மாத்திக் குடுங்க சார்."

"பயன்படுத்துனதை மாத்தற வழக்கம் இல்லக்கா."

நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா கிளம்பும்போது என்னைப் பார்த்தார். "தண்ணி இருக்குமா பாப்பா?" என்று கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, "நல்லாப் படி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

ஜூலை 14, திங்கள்

அம்மா மாம்பழம் நறுக்கி வைத்தார். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூலை 16, புதன்

ஜூன் பதினைந்தாம் தேதிப் பக்கத்தைத் திறந்து படித்தேன். "ஏதோ ஒரு சந்தேகம்" என்று எழுதியிருக்கிறேன். அது ஏதோ ஒன்று இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது.

"சார், எங்க பழைய கத்தி ஒரு பக்கம் தட்டையா இருக்கும், மறு பக்கம்தான் தீட்டியிருக்கும். போட்டோல உங்களது ரெண்டு பக்கமும் தீட்டுன மாதிரி தெரியுது. ஒட்டுக்கு இது ஆகுமா? இல்ல ஒரு பக்கமா தீட்டித் தருவீங்களா?"

நான் எழுதியது: "ஒரு பக்கம் தீட்டுவது பழைய முறை. இரண்டு பக்கமும் பதினைந்து வைத்தால்தான் நேராக வெட்டும். கவலை வேண்டாம்."

பழைய முறை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அட்டவணையில் ஒரு பக்கம் தீட்டுவதற்குக் கட்டமே இல்லை. அண்ணன் அன்று பக்கத்து அறையில்தான் இருந்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் "ஓடி வந்துட்டியா?" என்பான் என்று கேட்கவில்லை.

நூலகத்துப் புத்தகத்தில் படத்தின் கீழே எழுதியிருந்ததையும் படித்தேன். மணி அதற்குப் பிறகுதான் அடித்தது. குச்சியின் மீது தட்டையான பக்கம் படிந்து போனால்தான் வெட்டு பலகை போல வருமாம். இரண்டு பக்கமும் சரிந்திருந்தால் கத்தி குச்சிக்குள் இறங்கி மேலேறி வரும், வெட்டு குழியும், சந்து விழும். அப்படியே போட்டிருந்தது.

போனில் இடம் நிறைய இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அழிச்சிட்டு, நான் அந்தம்மாகிட்ட போனைக் காட்டும்போது பக்கத்துல நின்னுட்டு இருந்தியா?"

"ம்."

"அவங்க முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்ட, மதி."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை கழுவிவிட்டு வந்து, அந்த ஐந்து கத்திகளையும் திருப்பி வாங்கி, ஒரு பக்கமாக மாற்றித் தந்துவிடலாம், தானே போய் வாங்கி வருகிறேன் என்றான். நானும் வருகிறேன், அக்காவிடம் நானே சொல்ல வேண்டும் என்றேன்.

"சொன்னா உனக்கு மனசு லேசாகும். அவங்களுக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

உண்மையைச் சொன்னால் அவர்களுக்கும் நல்லதுதானே என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தான். சில நேரம் அவன் எதற்கு அப்படிப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிவதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணனின் வண்டியில் போனோம். பண்ணையில் பச்சை வலைக்குக் கீழே வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள். ஒரு பக்கம் துளிர் தாமிர நிறத்தில் மினுமினுவென்று இருந்தது. அடுத்த வரிசைகளில் நாடா கட்டிய கருப்புக் குச்சிகள் நின்றன. யாரோ எரிந்த தீக்குச்சிகளை நட்டுவைத்தது போல. எந்த வரிசை யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மாதம்மா அக்கா கருத்தவற்றைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் எழுந்தார். "மாத்தித் தரீங்களா சார்?" முகம் அப்படி மலர்ந்தது.

"சார் நான்தான் அக்கா" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். போன், அட்டவணை, பழைய முறை என்று எழுதியது, வெயில் என்று எழுதியது, அழித்தது. சொல்லச் சொல்லச் சத்தம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். பக்கத்து வரிசைப் பெண்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். அக்கா என் பக்கம் குனிந்து, "மெதுவாப் பேசு பாப்பா" என்று மட்டும் சொன்னார். எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அப்போது ஓனர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் வண்டிச் சாவி. "என்னாம்மா கூட்டம்?"

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். ஆறுதலாகப் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அதனால் தைரியம் வந்து, "அக்கா மேல தப்பே இல்லங்க சார். நான்தான் தப்பா யோசனை சொன்னேன். கம்பெனி இல்ல, நான்தான்" என்றேன்.

"நீயா? என்னா படிக்கற?"

"பத்தாவது."

"கத்தி புடிச்சு ஒட்டுக் கட்டியிருக்கியா?"

"இல்லங்க. படிச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். கோபமாக இல்லை, நிஜமாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தார். "ஏம்மா மாதம்மா! நீ ஏதோ பெரிய கம்பெனிக்காரன்கிட்ட ஏமாந்துட்டன்னு இல்ல நான் நெனச்சேன். இந்தப் பாப்பாகிட்டயா யோசனை கேட்டுட்டு எங்கிட்ட வந்து நின்ன?" பெண்களும் சிரித்தார்கள். தூரத்திலிருந்து ஒருத்தர், "மேஸ்திரிக்கே டியூசனாம்டி!" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அண்ணன் குறுக்கிட்டு, கடையின் தவறு, கத்திகளை மாற்றித் தருகிறோம் என்றான். "மாத்துங்க தம்பி, மாத்துங்க" என்றார் ஓனர். பிறகு சாவியைச் சுழற்றிக்கொண்டே, "அடுத்த ஈட்டையும் காவேரியே பாக்கட்டும். நீ அவ குழுவுல சேந்துக்க மாதம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் மணிக்கட்டை அக்கா அப்போதுதான் விட்டார். விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார். எனக்கு ஏன் தெரியவில்லை?

ஐந்து கத்திகளையும் ஒரு பையில் போட்டு வண்டி வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார். "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன்.

"எனக்கும் அப்பவே சந்தேகம்தான்" என்றார். "படிச்சவரு சொல்றாரு, நமக்கு என்னா தெரியும்னு வுட்டுட்டேன்." அந்தக் கருப்பு வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நீ சாராவே இருந்திருக்கலாம் பாப்பா. இன்னும் ஒரு ஈடு வரைக்கும்."

திரும்பி வரும்போது அண்ணன் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

ஜூலை 24, வியாழன்

சுவரில் இருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டேன். அண்ணன் குப்பையிலிருந்து எடுத்து, செல்லோடேப் போட்டு மறுபடியும் ஒட்டியிருக்கிறான். "லாரிக்காரங்களுக்கு இது சரிதான்" என்றான். கீழே ஒரு கட்டம் காலியாக வரைந்திருக்கிறான்.

ஜூலை 27, ஞாயிறு

வைரத் துகள் பூசிய தகட்டில் வைத்து, ஒவ்வொரு கத்தியாக ஒரு பக்கத்தைத் தட்டையாகத் தேய்க்கிறேன். நான் புகழ்ந்து எழுதிய அதே எஃகு. லேசில் மசிய மாட்டேன் என்கிறது. பள்ளி விட்டு வந்து தேய்த்தும் இந்த வாரத்தில் மூன்றுதான் முடிந்தது. விரல் நுனி கருத்துவிட்டது. சோப்புக்குப் போகவில்லை. கணக்கு டீச்சர், "என்ன கை இது?" என்றார். ஒன்றுமில்லை டீச்சர் என்றேன்.

அண்ணன் உதவிக்கு வந்தான். வேண்டாம் என்றேன்.

தீட்டி முடித்ததை முருங்கைக் குச்சியில் சீவிப் பார்த்தேன். வெட்டு பலகை மாதிரி வந்தது. இரண்டு குச்சிகளைச் சீவி ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் வெளிச்சம் தெரியவில்லை.

இவ்வளவுதான். அன்றைக்கே ஒரு குச்சியைச் சீவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் செய்தித்தாளை வெட்டிப் பார்த்தேன்.

ஜூலை 31, வியாழன்

கத்திகளைக் கூரியரில் அனுப்பினோம். கூடவே ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். மறுபடியும் எழுதினேன். அதையும் வைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைப் போனை அண்ணன் என்னிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. வாங்கிவிடுவான் என்று நான்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஒருவர் மீன் சுத்தம் செய்ய எந்த எஃகு நல்லது என்று கேட்டார். தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். "சரிங்க சார்" என்றார்.

மாலையில் மாதம்மா அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு. மிகச் சிறியது. போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

"கத்தி வந்துச்சு. வெட்டிப் பாத்தேன். சரியா இருக்குது."

பின்னால் பெண்கள் பேசும் சத்தம், நாடா கிழிக்கும் சத்தம். ஒரு குரல், காவேரியாக இருக்கலாம், "யாரு மாதம்மா, அந்த சாரா?" என்று கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

"ஆமா. சாருதான்" என்றார் அக்கா. பதிவு முடிந்துவிட்டது.

மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். அதைச் சொல்லும்போது அவரும் சிரித்தாரா என்று தெரியவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டான் அண்ணன்.

"கத்தி வந்துடுச்சாம்" என்றேன்.